கொப்பரையும் நெய்யும்

பழைய சாமான் வாங்குவதில் நம் ஜனங்களுக்கு உள்ள சாமர்த்தியம் லேசானதல்ல. மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மடியைத் தடவிப் பார்ப்பார். விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், ஒரு வேளை கறந்து பார்க்காமல் பணத்தை அவிழ்க்க மாட்டார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் கிக்கரை உதைத்து, சத்தத்தைக் கேட்டு, புகையின் நிறத்தைப் பார்த்தே இஞ்சினின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். ஆனால் பாட்டரி வண்டி என்று ஒன்று வந்திருக்கிறதே, அதற்குப் பல்லும் இல்லை, புகையும் இல்லை. சாவியைத் திருப்பினால் சத்தமில்லாமல் ஒரு விளக்கு எரிகிறது. அதன் பக்கத்தில் '100' என்று ஓர் எண். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு, "வண்டி நல்ல கண்டிஷன்தான்" என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

திருவண்ணாமலையில் இந்தக் காட்சி இப்போது சகஜம். ஊரைச் சுற்றியுள்ள திசைகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும். வடக்கே ராணிப்பேட்டையில் 2021ஆம் ஆண்டு ஆம்பியர் ஸ்கூட்டர் தொழிற்சாலை திறந்தார்கள். அதே ஆண்டு மேற்கே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் ஓலாவின் தொழிற்சாலை எழுந்தது. இன்னும் மேற்கே போனால் ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர் ஆகிய கம்பெனிகளின் வண்டிகள் தயாராகின்றன. அந்த நாட்களில் புது வண்டியாக வாங்கப்பட்டவை நாலைந்து வருஷம் ஓடிவிட்டு, இப்போது இரண்டாவது கைக்கு வருகின்றன. பெட்ரோல் விலையைப் பார்த்து மலைத்தவர்கள் எல்லோரும் அவற்றை ஆவலோடு பார்க்கிறார்கள்.

ஒரு பூக்கார அம்மாளை மனத்தில் வைத்துக்கொள்வோம். கீழ்ப்பென்னாத்தூர்ப் பக்கம், 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். விடியுமுன் தோட்டத்தில் பூ வாங்கிக் கோயில் வாசலுக்குக் கொண்டு வர வேண்டும். பொழுது சாய்ந்தபின் திரும்ப வேண்டும். போக வர 40 கிலோமீட்டர். சீட்டுப் பணம் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. தரகர் ஒரு வண்டியைக் காட்டி, "அம்மா, ஒரு சார்ஜுக்கு எண்பது போகும்" என்கிறார். எண்பது போனால் அவள் பிழைத்தாள். முப்பத்தைந்தில் நின்றுவிட்டால்? இருட்டில், நடுச் சாலையில், நூறு கிலோ வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவள் அவள்தானே தவிர, தரகர் அல்ல.

அந்த '100' என்ற எண் என்ன சொல்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கார்த்திகைத் தீபத்தன்று மலை உச்சியில் பெரிய கொப்பரையில் நெய் ஊற்றித் தீபம் ஏற்றுகிறார்கள். பதினொரு நாள் எரிகிறது. நெய் குறையக் குறைய ஊற்றுகிறார்கள். பாட்டரியில் நாம் ஏற்றும் மின்சாரம் நெய் மாதிரி. பாட்டரி கொப்பரை மாதிரி. கொப்பரைக்கும் பாட்டரிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். கொப்பரை வருஷா வருஷம் அதே அளவில் இருக்கிறது. பாட்டரியோ உபயோகிக்க உபயோகிக்க உள்ளுக்குள் சுருங்குகிறது. '100' என்று காட்டுவது கொப்பரை நிரம்பியிருக்கிறது என்பதை; கொப்பரை எவ்வளவு பெரியது என்பதை அல்ல. அண்டா நிரம்பினாலும் நூறுதான், ஆழாக்கு நிரம்பினாலும் நூறுதான்.

இந்தச் சிக்கல் நம் காலத்தில் புதிதாக முளைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டரி பிறந்த நாளிலிருந்தே, "இதற்குள் எவ்வளவு இருக்கிறது? நாளைக்கும் இருக்குமா?" என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. அந்தச் சரித்திரம் சுவாரசியமானது. பூக்கார அம்மாளுக்கு உபயோகமானதும்கூட.

மறுபடியும் மறுபடியும் சார்ஜ் செய்யக்கூடிய பாட்டரியை 1859ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாந்தே செய்து காட்டினார். ஈயத் தகடுகளை அமிலத்தில் தோய்த்த பாட்டரி அது. 1881இல் காமில் ஃபோர் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர், தகடுகளின்மேல் ஈயக் கூழைப் பூசி, அதே எடையில் அதிக மின்சாரம் நிற்கும்படி செய்தார். "மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள்!" என்று ஐரோப்பா முழுவதும் ஒரே பேச்சு. அந்த மே மாதம், சார்ஜ் செய்த ஃபோர் பாட்டரிப் பெட்டி ஒன்றைப் பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு எடுத்துச் சென்றார்கள். பிரயாணம் 72 மணி நேரம். பெட்டியின் எடை 75 ராத்தல், அதாவது சுமார் 34 கிலோ. அங்கே அதை வாங்கிக்கொண்டவர் சர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்த மேதை.

பெட்டிக்குள் பத்து லட்சம் அடி-ராத்தல் சக்தி இருப்பதாகச் சொன்னார்கள். பத்து லட்சம் என்றதும் பத்திரிகை படித்தவர்கள் பிரமித்தார்கள். நம் மின்சார பில்லில் வருகிற யூனிட் கணக்கில் அதைச் சொன்னால், ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான்! இன்றைய லித்தியம் பாட்டரி அதே 34 கிலோ எடையில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வைத்துக்கொள்ளும். இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது தாம்சன் செய்த காரியத்தை. பெட்டியின்மேல் எழுதியிருந்ததை அவர் நம்பவும் இல்லை, அவநம்பிக்கைப்படவும் இல்லை. தம் பரிசோதனைச் சாலையில் அதைப் பரீட்சைக்கு உட்படுத்தி அளந்து பார்த்தார். மாட்டைக் கறந்து பார்ப்பது போலத்தான்.

எல்லோரும் அப்படிப் பொறுமையாக அளக்கவில்லை. பாட்டரிக் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்துப் பங்குகளை விற்றன. 1883ஆம் ஆண்டு, அமெரிக்காவில் தாமஸ் எடிசன் இதைப் பார்த்து எரிச்சல்பட்டு, பாட்டரி என்பதே ஊரை ஏமாற்றும் வித்தை என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அந்த எடிசனே 1901ஆம் ஆண்டு வாக்கில் நிக்கலும் இரும்பும் கொண்டு ஒரு பாட்டரி செய்து, மோட்டார் வண்டிகளுக்கு இதுவே கதி என்று விளம்பரம் செய்தார். விற்பனைக்கு வந்த பாட்டரிகள் கொஞ்ச காலத்தில் கசிந்தன, சக்தி குறைந்தன. 1904இல் உற்பத்தியை நிறுத்திவிட்டு, மேலும் ஐந்து வருஷம் பாடுபட்டு, 1909இல் திருத்திய பாட்டரியைக் கொண்டு வந்தார். புதிதில் ஜோராக இருந்தது என்பது பாட்டரி விஷயத்தில் நற்சாட்சிப் பத்திரம் ஆகாது என்று எடிசனுக்கே பாடம் கிடைத்தது.

இதற்கிடையில் வண்டிகளும் வந்துவிட்டன. 1881இல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் மூன்று சக்கர சைக்கிளில் மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓட்டினார். 1895 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்டன் போல்டன் என்பவருக்கு மின்சார சைக்கிளுக்கான பேடண்டு கிடைத்தது. பின் சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார்! இன்று நம் தெருவில் ஓடுகிற பல சிறிய வண்டிகளிலும் மோட்டார் அதே இடத்தில்தான் இருக்கிறது. போல்டனின் பாட்டரி வெறும் 10 வோல்ட். மோட்டாரோ 100 ஆம்பியர்வரை இழுக்கக்கூடியது. அந்த ஆவேசத்தில் அது எத்தனை தூரம் தாங்கியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அந்தக் கேள்விக்கு விடை இரண்டே வருஷத்தில் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1897இல் பாய்கெர்ட் என்ற விஞ்ஞானி, ஈய பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, மொத்தத்தில் கிடைக்கும் அளவு அவ்வளவு குறையும் என்று கணக்காகவே காட்டினார். நிதானமாக எடுத்தால் குடம் நிறையக் கொடுக்கும். அவசரப்படுத்தினால் முக்கால் குடத்தோடு கையை விரித்துவிடும். லித்தியம் பாட்டரியில் இந்தக் குறை வெகுவாகக் குறைவு. ஆனாலும், மேட்டில் முழு வேகத்தில் இழுத்தால் வோல்டேஜ் தாழ்வது அதிலும் உண்டு.

அதே 1897இல் லண்டன் வீதிகளில் வாடகை மின்சார வண்டிகள் ஓட ஆரம்பித்தன. குதிரையும் இல்லை, சாணமும் இல்லை என்று நகரவாசிகள் சந்தோஷப்பட்டார்கள். 1899இல் அந்த வண்டிகள் மறைந்துவிட்டன. வீதியின் குலுக்கலில் பாட்டரித் தகடுகள் நொறுங்கின, டயர்கள் தேய்ந்தன, செலவு கட்டவில்லை. பரிசோதனைச் சாலையில் பாட்டரி குலுங்குவதில்லை, வீதியில் குலுங்குகிறது. காகிதத்துக் கணக்குக்கும் சாலைக் கணக்குக்கும் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

1912இல் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் கண்டுபிடித்த மின்சார ஸ்டார்ட்டர் பெட்ரோல் காருக்கு வந்தது. காரை ஓட்டுவதற்காகப் பிறந்த பாட்டரி, பெட்ரோல் காரைக் காலையில் எழுப்பிவிடும் வேலைக்காரனாகிவிட்டது. மின்சார வண்டிகள் ஏறக்குறைய தூங்கிப் போயின.

அவற்றை எழுப்பிய லித்தியம் பாட்டரியின் கதையில் நம் பக்கத்து மனிதர்களும் வருகிறார்கள். சோனி கம்பெனி 1991இல் முதன்முதலாக லித்தியம் அயான் பாட்டரியைக் கடைக்குக் கொண்டு வந்தது. அதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் குட்இனஃப் சார்பாக மேடையேறி விஞ்ஞானச் சொற்பொழிவை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். எண்பதுகளில் குட்இனஃபும் அவரும் செய்த ஆராய்ச்சி, இரும்பு கலந்த விலை மலிவான பாட்டரிகளுக்குப் பாதை போட்டது. 1997இல் இரும்பு பாஸ்பேட் பாட்டரியைப் பற்றி வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் குட்இனஃபோடு இரண்டு இந்தியப் பெயர்கள் இருக்கின்றன: பதி, நஞ்சுண்டசுவாமி. இன்று கடைக்காரர்கள் 'எல்.எஃப்.பி.' என்று சொல்கிறார்களே, அந்தப் பாட்டரி இதுதான். நம் காரைக்குடியிலும், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உண்டான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகம் 1953 முதல் நடந்து வருகிறது. அங்கும் பாட்டரி ஆராய்ச்சி உண்டு.

ஆராய்ச்சிச் சாலையிலிருந்து தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டை ஒட்டிக் கோயம்புத்தூரில் ஆம்பியர் தொடங்கியது, டி.வி.எஸ். கம்பெனியும் மின்சார ஸ்கூட்டி ஒன்றை விற்றது. அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈய பாட்டரிதான். 2010 முடிவில் மத்திய அரசு மானியம் கொடுத்தது; 2012 மார்ச்சில் மானியம் நின்றதும் விற்பனை படுத்துவிட்டது. வாங்கியவர்களில் பலருக்கு, இரண்டு மூன்று வருஷத்தில் புது பாட்டரி போட வேண்டும் என்ற உண்மை அதன் பிறகுதான் தெரிந்தது. 2019இல் வந்த மானியத் திட்டத்தில் ஈய பாட்டரிக்கு இடமில்லை. அது முதல் லித்தியத்தின் காலம்.

பழைய வண்டி வாங்குகிறவர் இந்தத் தேதிகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு மேற்படாத சிறிய வண்டிகளுக்குப் பதிவும் இல்லை, நம்பர் பலகையும் இல்லை. ஆகவே ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. பாட்டரியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதம், வருஷம், வோல்ட், ஆம்பியர்-மணி ஆகியவை இருக்கும். அந்தச் சீட்டைக் கிழித்துவிட்ட பாட்டரியைப் பெயர் சொல்லாத மாப்பிள்ளையாகவே பாவிக்க வேண்டும்.

இன்னொரு தேதி வருத்தமானது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த ஒரு பாட்டரி ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தகப்பனாரும் மகளும் இறந்துபோனார்கள். அதே கோடையில் நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. முதற்கட்டம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் அமுலுக்கு வந்தன. அதற்கு முந்திய வண்டியெல்லாம் மோசம் என்பதல்ல. ஆனால் வண்டி எந்த விதிக்கு உட்பட்டுப் பிறந்தது என்று கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. தண்ணீரில் மூழ்கிய வண்டி, கீழே விழுந்து அடிபட்ட பாட்டரி, வயிறு உப்பிய பாட்டரி, கடைத்தெருவில் பிரித்து ஒட்டுப் போட்ட பாட்டரி ஆகியவற்றை மலிவு என்பதற்காக வீட்டுக்குள் கொண்டு வருவது புத்திசாலித்தனமல்ல.

சரி, "எண்பது போகும்" என்று தரகர் சொன்னாரே, அந்த எண் எங்கிருந்து வந்தது? அவர் மனமறிந்து பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனி அச்சடித்ததைத்தான் அவர் ஒப்பித்திருப்பார். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை நம் நாட்டில் பரீட்சை செய்வதற்கென்று ஒரு முறை உண்டு. உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி, 108 விநாடி கொண்ட ஓர் ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப நடத்துகிறார்கள். அதில் உச்ச வேகம் மணிக்கு 42 கிலோமீட்டர்; சராசரி வேகம் சுமார் 22. சாமி புறப்பாட்டுக்குப் பின்னால் போகிற மாதிரியான வேகம்! 42இல் போகும்போது இருக்கிற காற்றின் எதிர்ப்பு 60இல் போகும்போது இரண்டு மடங்காகிவிடுகிறது. பின்னால் உட்காருகிற ஆளுக்கும், காலடியில் வைக்கிற பூ மூட்டைக்கும் அந்த உருளையில் இடமில்லை.

இதைக் கம்பெனிகளே ஒருவாறு ஒப்புக்கொள்கின்றன. 2022இல் வந்த ஏத்தர் வண்டி ஒன்றுக்குச் சான்றிதழ்ப்படி 146 கிலோமீட்டர். சாலையில் நிஜமாகக் கிடைக்கும் தூரம் என்று அந்தக் கம்பெனியே கொடுத்த எண் 105. இரண்டும் பொய்யல்ல, ஒன்று உருளையின் உண்மை, மற்றது சாலையின் உண்மை. ஆனால் இரண்டுமே புது வண்டியின் உண்மை.

பழைய வண்டிக்கு மூன்றாவது எண் வேண்டும். பாட்டரி இரண்டு வழியில் கிழடாகிறது. ஓடி ஓடிக் கிழடாவது ஒன்று. சும்மா இருந்தே கிழடாவது இன்னொன்று. ஆகையால், "இரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, வீட்டிலேயே நின்ற வண்டி" என்பதைக் கேட்டு மகிழ்ந்து போகக் கூடாது. சார்ஜ் முழுவதும் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டரி, தினம் ஓடிய பாட்டரியைவிடக் கெட்டுப் போயிருக்கலாம். உஷ்ணம் பெரிய சத்துரு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின்கீழ் முழுச் சார்ஜோடு தினமும் நின்ற வண்டிக்கு வயது சீக்கிரம் ஏறும். பாட்டரிக்குள் பல செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஜோடி மாட்டில் ஒன்று தளர்ந்தால் வண்டி அதன் நடைக்குத்தான் போகும். அதுபோலத் தளர்ந்த செல் ஒன்று இருந்தால் முழுப் பாட்டரியும் அதன் பலத்தோடு நின்றுவிடும்.

இத்தனையையும் ஒரே பரீட்சையில் கண்டுபிடிக்கத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அது கிரிவலப் பாதை. சுற்றளவு 14 கிலோமீட்டர். புறப்பட்ட இடத்திற்கே வந்து சேருகிற பாதையாதலால், ஏறின மேடெல்லாம் இறங்கித்தான் ஆக வேண்டும். எதிர்க்காற்று ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் தள்ளிவிடும். பரீட்சைக்கு இதைவிட நியாயமான சாலை கிடைப்பது அரிது. பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் அந்த எண்ணமே வேண்டாம். அன்று அது நடப்பவர்களின் பாதை. மற்ற நாட்களிலும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டு. ஆகவே நிதானமாக, ஓரமாக ஓட்ட வேண்டும்.

பூக்கார அம்மாள் தம்பியை அழைத்துக்கொண்டு, மூட்டை கனத்துக்கு ஏதேனும் வைத்துக்கொண்டு, முழுச் சார்ஜோடு மூன்று சுற்றுச் சுற்றட்டும். மூன்று பதினாலு நாற்பத்திரண்டு. அவள் தினசரிப் பிரயாணம் அவ்வளவுதானே? ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் 20, இரண்டாவதில் 22, மூன்றாவதில் 27 குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றோடு பரீட்சையை முடித்திருந்தால், 14 கிலோமீட்டருக்கு 20 என்றால் முழுச் சார்ஜுக்கு 70 என்று கணக்குப் போட்டிருப்பாள். மூன்று சுற்றும் சேர்ந்து 42 கிலோமீட்டருக்கு 69 செலவாகியிருப்பதால், உண்மையில் 61தான். தளர்ந்த பாட்டரி தன் பலவீனத்தைப் பின்பாதியில்தான் காட்டும். எல்.எஃப்.பி. பாட்டரியில் வோல்டேஜ் நடுவில் அதிகம் மாறாமல் இருந்து கடைசியில் சட்டென்று சரிவதால், அரைச் சார்ஜோடு நிற்கும் பரீட்சையை நம்பவே முடியாது.

அடுத்தது கறவைக் கணக்கு. வண்டியை வீட்டுச் சுவரில் சொருகும்போது, நடுவில் ஒரு சிறிய யூனிட் மீட்டரைச் சொருக வேண்டும். மின்சார சாமான் கடைகளில் கிடைக்கும். 31இலிருந்து 100 ஆகும்வரை 1.5 யூனிட் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரிலும் சூட்டிலும் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீணாகும். அதைக் கழித்தால் பாட்டரிக்குள் போனது சுமார் 1.3 யூனிட். 69 பங்குக்கு 1.3 என்றால், 100 பங்குக்குச் சுமார் 1.9. பாட்டரிச் சீட்டில் எழுதியிருப்பதோ 2.5 யூனிட். சீட்டில் யூனிட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வந்துவிடும். ஆக, கொப்பரை முக்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. தரகர் சொன்ன எண்பது, புதிதில் உண்மையாகவே இருந்த எண்பதுதான். அதில் முக்கால் பங்கு அறுபது. சாலைக் கணக்கும் மீட்டர்க் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன பாருங்கள்! இரண்டும் ஒத்துப் போகாவிட்டால், எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு கூடக் கவனிக்க வேண்டியவை சில. மேட்டில் இழுக்கும்போது எண் திடீரென்று பத்துப் பன்னிரண்டு இறங்கி, நின்றதும் மறுபடி ஏறினால், பாட்டரிக்கு மூச்சு வாங்குகிறது. நாலு மணி நேரம் பிடிக்க வேண்டிய சார்ஜ் இரண்டரை மணியில் முடிந்துவிட்டால், அது சுறுசுறுப்பல்ல. கொப்பரை சிறிதாகிவிட்டதன் அடையாளம். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பாட்டரியின் ஆரோக்கியத்தைக் கருவி வைத்துப் படித்துச் சொல்லக் கூடும். அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வாரண்டி மிச்சமிருந்தால், அது புதுச் சொந்தக்காரருக்கு மாறுமா என்பதையும் கேட்க வேண்டும். ஏத்தர் கம்பெனி, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, எட்டு வருஷம் அல்லது 80,000 கிலோமீட்டர்வரை ஆரோக்கியம் 70 சதவிகிதத்துக்குக் கீழே போகாது என்று பொறுப்பேற்கும் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. அந்த மாதிரி காகிதம் ஒன்று வண்டியோடு வந்தால், அது தரகரின் பத்துச் சத்தியங்களுக்குச் சமானம்.

இனி முடிவு அம்மாளுடையது. 61 கிலோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஆபத்துக்கு ஒதுக்கினால் 49 மிஞ்சுகிறது. தேவை 40. போதும். இன்னும் சில காலம் சுருங்கினாலும் தாங்கும். ஆகவே வண்டி கூடாது என்பதல்ல. எண்பது கிலோமீட்டர் வண்டியின் விலை கூடாது. புது பாட்டரி என்ன விலை என்று கம்பெனிக் கடையில் விசாரித்துக்கொண்டு, கரைந்து போன கால் பங்கை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். அதே தரகர் பக்கத்தில் நிறுத்தியிருக்கும் இன்னொரு வண்டி, 60 வோல்ட், 28 ஆம்பியர்-மணி, அதாவது 1.7 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. விலை பத்தாயிரம் மலிவு. புதிதில் அது 54 கிலோமீட்டர் ஓடியிருக்கும். முப்பது சதவிகிதம் தேய்ந்திருந்தால் இப்போது 38. வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது நின்றுவிடும். அதன் முகப்பிலும் காலையில் '100' என்றுதான் எரிந்துகொண்டிருக்கும்.

கிளாஸ்கோவில் தாம்சன் செய்ததும், கிரிவலப் பாதையில் அந்த அம்மாள் செய்யப் போவதும் அடிப்படையில் ஒரே காரியம். அவருக்கு ஒரு பரிசோதனைச் சாலை இருந்தது. இவளுக்கு 14 கிலோமீட்டர் சாலையும், ஒரு சிறிய மீட்டரும், கணக்குப் போடத் தெரிந்த ஒரு தம்பியும் போதும். பரீட்சைக்கு ஒரு காலைப் பொழுது செலவாகும். "அவ்வளவு நேரம் வண்டியைத் தர முடியாது" என்று தரகர் சொன்னால், கறந்து பார்க்க விடாத மாட்டுக்காரரிடம் நம் பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்ய வேண்டும்: கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டும்.